ஏறித்தான் இறங்கும்

சணல் ஊறும் நாற்றம் கிளம்பிவிட்டால் ஷியால்டாங்கா கிராமத்தில் மாடுகளுக்கு மடி வீங்கத் தொடங்கிவிடும். ஆவணியை ஒட்டிய பாத்ர மாதத்து மழை ஒழுங்காகப் பெய்யவும் செய்யாது, விட்டுத் தொலைக்கவும் செய்யாது. கொட்டகைத் தரை காயாமல் நசநசவென்று கிடக்கும். சூர்ணி ஆற்றை ஒட்டிய பள்ளங்களில் சணல் கட்டுகள் அழுகும். பெண்கள் இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்று நார் உரிப்பார்கள். உரித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அப்படியே பால் கறக்க உட்காருவார்கள். பிறகு ஒருநாள் மாடு காலை உதறும். காம்பிலிருந்து பாலுக்குப் பதில் திரிதிரியாக ஏதோ வரும். அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

அப்போதுதான் எல்லோருக்கும் பவதாரண் சிகதாரின் ஞாபகம் வரும். அவர் ஊரின் ஹோமியோபதி டாக்டர். மற்ற மாதங்களில் அவரை யாரும் சீந்துவதில்லை. ஜுரம் என்றால் ரானாகாட் டவுனுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். மடி வீக்கத்துக்கு மட்டும் அவரிடம் வருவார்கள். எருக்கம்பால் பட்டால் தோல் வீங்குகிறது, கண்ணில் பட்டால் கண் வீங்குகிறது. ஆகவே அதே எருக்கை ஒன்றுமில்லாத அளவுக்குக் கரைத்துக் கொடுத்தால் வீக்கம் வடியும் என்பது அவர் கணக்கு. வேர்ப்பட்டையைச் சாராயத்தில் ஊறப்போட்டு வடித்து, அதில் ஒரு சொட்டை நூறு சொட்டில் கலந்து, தோல் அட்டை போட்ட தடித்த புத்தகத்தின் மேல் குப்பியைத் தட்டோ தட்டென்று தட்டி, அதிலிருந்து ஒரு சொட்டை இன்னொரு நூறில் கலந்து என்று அது போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் அந்தத் தண்ணீரைச் சர்க்கரை உருண்டைகளில் ஊற்றிக் குலுக்குவார்கள். தட்டுவதும் குலுக்குவதும் அவர் மனைவி மலினாவின் வேலை. கல்யாணமான புதிதில், "இவ்வளவு கலந்தா அதுல என்னங்க மிச்சம் இருக்கும்?" என்று கேட்டவள்தான். இப்போது அவரைவிட அவளுக்குத்தான் நம்பிக்கை ஜாஸ்தி.

பால்காரன் கார்த்திக் கோஷ் அவருக்கு 'எருக்கு டாக்டர்' என்று பேர் வைத்திருந்தான். அவர் காதுபடவே சொல்வான். அந்தப் பேரைத் துடைத்துவிட வேண்டும் என்றே அவர் கால்நடைக் கல்லூரிக்கு வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார். சிரித்தார்கள், பதில் போடவில்லை. கடைசியில் சுதேஷ்ணா என்ற ஒரு டாக்டரம்மா மட்டும், சோதித்துப் பார்த்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கிளம்பி வந்தாள். பவதாரண் அன்றைக்கு இருந்த ஒரே நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு, அவளுக்குத் தன் கையாலேயே பொரியில் கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்து கொடுத்தார்.

பள்ளிக்கூட வராந்தாவில் மாட்டுக்காரப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து டாக்டரம்மா சொன்னாள்:

"ரெண்டு குப்பி இருக்கு. ஒண்ணுல சிகப்புப் பொட்டு, ஒண்ணுல நீலப் பொட்டு. ஒண்ணு சிகதார் பாபுவோட மருந்து, இன்னொண்ணு வெறும் சர்க்கரை. எது எதுன்னு இங்க யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கல்லூரியில வேற ஒருத்தருக்குத்தான் தெரியும். சீட்டுப் போட்டு மாட்டைப் பிரிப்போம். ஒரு மாட்டுக்கு எந்தப் பொட்டு விழுதோ கடைசி வரைக்கும் அதேதான். ஆனா மாடு மோசமாச்சுன்னா, சுரம் ஏறினா, பால்ல ரத்தம் வந்தா, உடனே இந்த அக்காகிட்ட, மலினாதிகிட்ட, சொல்லிடணும். அவங்க போன் பண்ணினா வண்டி வந்து ஊசி போட்டுடும். எந்த மாட்டையும் பலி கொடுத்துச் சோதனை பண்ண நான் வரல."

"நான் ஒரு தடவை மாட்டையெல்லாம் பாத்துட்டு வரட்டுமா?" என்றார் பவதாரண்.

"நீங்க மாட்டுப் பக்கமே போகக் கூடாது, சிகதார் பாபு. மருந்து உங்களோடது. கொடுக்கிற கை வேறயா இருக்கணும். மலினாதியை ஊர்ல எல்லாரும் நம்புறாங்க, நானும் நம்புறேன்."

அந்தக் கடைசி வார்த்தையைப் பின்னால் மலினா எத்தனையோ முறை நினைத்து நொந்துகொண்டாள்.

காலையும் மாலையும் அவள் குடையும் பையுமாகக் கிளம்புவாள். வீடு வீடாகப் போய், மாட்டின் கீழுதட்டை இழுத்து, காகிதத்தில் மடித்த உருண்டைகளை விரல் படாமல் உள்ளே தட்டிவிட்டு வருவாள். ஜோபேதாவின் வீடு கரையை ஒட்டி இருந்தது. புருஷன் கேரளாவில் கொத்து வேலை. அவன் அனுப்புவது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. காஜலி என்ற அந்தக் கறுப்புப் பசுதான் அடுப்பை எரியவைத்துக்கொண்டிருந்தது. பூஜைப் பண்டிகைக்கு மிட்டாய்க் கடைகள் திரித்துச் சேனா எடுக்கப் பாலை அடித்துப் பிடித்து வாங்கும் சமயம் பார்த்து அதற்கு மடி வீங்கியது. சீட்டில் நீலம் விழுந்தது.

"பௌதி, வெங்காயம் கூடாது, பெருங்காயம் கூடாது, கற்பூரம் கூடாதுன்னு பத்தியம் சொல்லிட்டுப் போறீங்க. மாட்டுக்கா எனக்கா?" என்றாள் ஜோபேதா. மலினாவை அவள் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். இடுப்புக்குக் கீழே சணல் தண்ணீர் சொட்ட நின்றிருந்தாள்.

"மாடு கட்டியிருக்கிற இடத்துல வாசனையே வரக் கூடாது. மருந்து ஓடிப்போயிடும்."

"வெங்காயம் விக்கிற விலைக்கு என் வீட்டுல அந்த வாசனை வந்து எவ்வளவு நாளாச்சு. ஓடுற மருந்து வேணும்னா கோஷ் வீட்டுப் பக்கம் ஓடட்டும், அங்கதான் தாளிக்கிறாங்க."

மலினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜோபேதா சிரிக்கவில்லை. மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"கோஷ் ஒண்ணு சொன்னான், பௌதி. சிகப்புதான் மருந்து, நீலம் வெறும் தண்ணின்னு. தண்ணி நிறம் நீலம், கல்லூரிக்காரங்க புத்தி அவ்வளவுதான் போகும்னான்."

"அவன் கிடக்கான். பால்ல தண்ணி ஊத்துறவனுக்கு எதைப் பாத்தாலும் தண்ணியாத்தான் தெரியும்."

"நீங்க சொல்லுங்க. இதுக்குப் போறது மருந்தா, வெறும் சர்க்கரையா? எனக்கு ஒரே மாடு. கோஷுக்கு ஏழு. அவனுக்கு எது போனாலும் தாங்கும்."

தெரியாது என்பதுதான் சரியான பதில். டாக்டரம்மா அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தாள். ஆனால் ஜோபேதா மாட்டின் முதுகைத் தடவுவதை நிறுத்திவிட்டு மலினாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்துதான்டி. நான் கொடுக்கிறேன், வேற என்ன கொடுப்பேன்?" என்றாள்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது அவளை அரித்தது. பொய் சொல்லிவிட்டோம் என்பதுகூடப் பெரிதில்லை. ஒருவேளை நிஜமாகவே வெறும் சர்க்கரையாக இருந்துவிட்டால்? ஒரே மாட்டை வைத்துப் பிழைக்கிறவளுக்குத் மருந்து என்று சொல்லிச் சர்க்கரை கொடுத்துவிட்டு, அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டால் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு வழியும் தெரியும். வீட்டில் மருந்து தீர்ந்துபோகும் சமயத்தில் அவர்கள் செய்வதுதான். மருந்து ஏறிய உருண்டைகள் நாலைந்தை வெறும் உருண்டைக் குப்பியில் போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் குப்பி முழுக்க மருந்தாகிவிடும். பாலில் உறை ஊற்றுகிற மாதிரிதான். பவதாரணுக்கு அதில் சந்தேகமே கிடையாது, அவர் தகப்பனாரும் அப்படித்தான் செய்தார்.

கணவர் குளிக்கப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்து எருக்கு உருண்டைகளை எடுத்தாள். எந்தக் குப்பியில் போடுவது என்ற யோசனைக்கே இடமில்லை; எது வெறும் குப்பி என்று தெரிந்தால்தானே. இரண்டிலும் போட்டாள். இரண்டையும் நன்றாகக் குலுக்கினாள். இனிமேல் யார் வீட்டு மாட்டுக்கும் வஞ்சனை இல்லை என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மற்ற மாடுகள் ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டு வந்தன. காஜலிக்கு மட்டும் வீக்கம் ஏறியது. பின்மடி கல்லாக இறுகி, தொட்டால் கையைச் சுட்டது. ஜோபேதா வேலைக்குப் போகாமல் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பௌதி, கன்னுக்குட்டியைக்கூடக் கிட்ட விட மாட்டேங்குது. உதைக்குது. தவிடு வச்சா மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது."

மலினா மடியைத் தொட்டுப் பார்த்தாள். பயம் வரவில்லை. மாறாக ஒரு சந்தோஷம்தான் வந்தது. அதைத்தான் பின்னால் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

"இது நல்ல அடையாளம்டி," என்றாள்.

"எது நல்லது? இந்தச் சூடா?"

"மருந்து பிடிச்சிருச்சுன்னு அர்த்தம். நல்ல மருந்து நோயை முதல்ல கொஞ்சம் ஏத்திவிட்டுத்தான் இறக்கும். ஏறித்தான் இறங்கும். உங்க டாக்டர் பாபுவைக் கேளு, எத்தனை தடவை பாத்திருக்கார்."

"ஏறுறது தெரியுது பௌதி. இறங்குறது எப்போ?"

"இன்னைக்கு ராத்திரி பாரு. இல்லைன்னா நாளைக்கு."

மறுநாள் பாலில் ரத்தம் கலந்திருந்தது. ஜோபேதா சொம்பைத் தூக்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி சிகதார் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல, ரத்தம் வந்தா வண்டியைக் கூப்பிடணும்னு. கூப்பிடுங்க."

மலினாவின் இடுப்பில் போன் இருந்தது. அவள் அதைத் தொட்டாள், எடுக்கவில்லை.

"இப்போ ஊசி போட்டா உள்ள வேலை செஞ்சுட்டிருக்கிற மருந்து செத்துப்போயிடும்டி. பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஒரே ஒரு நாள் பொறு. நான் சொல்றேன்ல?"

"நீங்க சொன்னா சரி, பௌதி," என்றாள் ஜோபேதா. சொம்பை மூடிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது. காஜலி தரையில் படுத்துவிட்டது, காது சில்லிட்டுவிட்டது. அப்புறம்தான் மலினா போன் பண்ணினாள். வண்டி வந்தது, ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாடு பிழைத்தது. ஆனால் மடியின் பின்பக்கக் கூறு இரண்டும் கறுத்து, நீலம் பாரித்து, செத்துப்போய்விட்டது. டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "இது இனிமே பாலுக்கு ஆகாது. எப்பலேர்ந்து ரத்தம் வந்தது?" என்று கேட்டாள்.

மலினா வாயைத் திறப்பதற்குள், "இன்னைக்குக் காலையிலதான்," என்றாள் ஜோபேதா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று மலினா கேட்கவில்லை. தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பூஜை கழிந்து, கல்லூரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, பவதாரண் அதே வேட்டியைக் கட்டிக்கொண்டார். மலினாவும் கூடப் போனாள். டாக்டரம்மா டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, முன்னால் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்தி அடுக்கினாள்.

"சிகதார் பாபு, நீலப் பொட்டுலதான் உங்க மருந்து இருந்தது. சிகப்புல வெறும் சர்க்கரை."

"சரி."

"நீலத்துல எவ்வளவு மாடு தேறிச்சோ, ஏறக்குறைய அவ்வளவேதான் சிகப்புலயும் தேறியிருக்கு. அதே வேகத்துல. வித்தியாசம் இல்ல."

"இல்லன்னா, கொஞ்சமாவது..."

"இல்ல. நானும் திரும்பத் திரும்பப் பாத்தேன். நல்லாக் கறந்து, சுத்தமா வச்சுக்கிட்டா நெறைய மாடு தானாவே தேறிக்குது. மருந்தாலதான்னு சொல்ல முடியல. எனக்கும் வருத்தம்தான்."

மலினா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நீலம்தான் மருந்து. அப்படியானால் ஜோபேதாவிடம் சொன்னது பொய்யே இல்லை. உறை ஊற்றப் போனதே வீண் வேலை. அந்த வீண் வேலையால்தான் சிகப்பு மாடுகளுக்கும் மருந்து போய், இரண்டும் ஒன்றாகிவிட்டது. இந்த மனிதர் ஆயுசு முழுக்கக் காத்திருந்த பதிலை அவர் பெண்டாட்டியே கெடுத்துவிட்டாள். அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். "மலினாதி மட்டும் இல்லைன்னா இந்த வேலை நடந்தே இருக்காது," என்று டாக்டரம்மா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மலினா சொல்லாமலே எழுந்துகொண்டாள்.

ஊர் முனையில் பஸ் இறக்கிவிட்டுப் போனது. டீக்கடை பெஞ்சில் பவதாரண் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த டீ ஆறி ஆடை படர்ந்தது.

"கோஷ் சரியாத்தான் பேர் வச்சிருக்கான்," என்றார். "எருக்கு டாக்டர். எங்கப்பா, நான், ரெண்டு பேருமா சேர்ந்து ஊருக்குச் சர்க்கரைத் தண்ணி கொடுத்திருக்கோம். இனிமே பலகையைக் கழட்டி அடுப்புக்கு வச்சிக்க."

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"இனிமே என்ன கோவம்."

அவள் சொன்னாள். கோஷ் சொன்னது, ஜோபேதா கேட்டது, அலமாரியைத் திறந்தது, இரண்டு குப்பியிலும் போட்டுக் குலுக்கியது, எல்லாம் சொன்னாள். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவளை அவர் இவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை. அதைக் கண்டு அவளுக்கு அழுகை வந்தது.

"அடிப் பாவி, அங்கேயே சொல்லியிருக்கக் கூடாதா? அப்போ சிகப்பு மாடும் என் மருந்தாலதானே தேறியிருக்கு. எல்லா மாடும் என் மருந்தாலதான். எந்திரி. அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம். டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பறதுக்குள்ள போயிடலாம்."

"காஜலி?"

"எந்தக் காஜலி?"

"ஜோபேதா மாடு. அதுக்கும் உங்க மருந்துதான் போச்சு. நீலப் பொட்டு. அதுமேல நான் வேற போட்டேன்."

பவதாரண் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணு ரெண்டு அப்படி ஆகும். பத்தியம் தப்பியிருக்கும். அவங்க வீட்டுல வெங்காயம் கிங்காயம்..."

"அவ வீட்டுல வெங்காயமே இல்லங்க. எனக்குத் தெரியும்."

"நோய் முத்தியிருக்கும்."

"ஏறித்தான் இறங்கும்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் வண்டியைக் கூப்பிடாம இருந்தேன்."

"நான் அப்படிச் சொன்னேன், சரி. ரத்தம் வந்த பிறகும் வண்டியைக் கூப்பிடாதேன்னு சொன்னேனா?"

"இல்ல," என்றாள் மலினா. "அது நான் சொன்னது."

பிறகு அவளே சொன்னாள்: "டாக்டரம்மாகிட்ட நானே போய்ச் சொல்றேன். குப்பியில போட்டதையும் சொல்றேன், ரத்தம் முதல் நாளே வந்ததையும் சொல்றேன். ரெண்டையும் சேத்துத்தான் சொல்வேன். உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்லிட்டு வர என்னால முடியாது."

பஸ் வந்து நின்று, அவரைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பவதாரண் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை, டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால், மலினா ஜோபேதாவின் வீட்டுக்குப் போனாள். மழை விட்டிருந்தது. ஜோபேதா முற்றத்தில் மூங்கில் கட்டி, உரித்த சணலை உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காஜலி இன்னும் கட்டுத்தறியில்தான் இருந்தது. மாட்டு வியாபாரி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"வாங்க பௌதி. உக்காருங்க. டாக்டர் பாபு வைத்தியத்துல பாஸா ஃபெயிலா? கோஷ் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"ஃபெயிலுதான்."

"அய்யோ பாவம். நல்ல மனுஷர்."

"ஜோபேதா, உன் மாட்டுக்குப் போனது சர்க்கரை இல்ல. மருந்துதான்."

"நீங்கதான் அப்பவே சொன்னீங்களே."

"அப்போ எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன். உன்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் சொன்னேன், அது நெஜமாப் போச்சு. இப்போ அதைச் சொல்ல வரல. ரத்தம் வந்த அன்னைக்கே நான் கூப்பிட்டிருந்தா மடியைக் காப்பாத்தியிருக்கலாம். டாக்டரம்மா முதல்லயே உடனே கூப்பிடச் சொல்லியிருந்தாங்க. போன் என் இடுப்புலதான் இருந்துச்சு."

ஜோபேதா கையிலிருந்த சணல் நாரை விரல்களால் கோதிக்கொண்டிருந்தாள். கோதி முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"ஒரு நாள் பொறுன்னீங்களே பௌதி. அது மாட்டுக்காகச் சொன்னீங்களா, மருந்துக்காகச் சொன்னீங்களா?"

மலினா வழியெல்லாம் என்னென்னவோ பதில்களைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். அவற்றையெல்லாம் விட்டுவிட்டாள்.

"மருந்துக்காக," என்றாள். "ஊசி போட்டுட்டா, மருந்து தோத்துப்போச்சுன்னு ஆயிடும்னு நெனச்சேன். அவர் தோத்துடுவாருன்னு நெனச்சேன். மாடு அப்போ ஞாபகத்துலயே இல்ல."

சொல்லிவிட்டு அழுதாள். சொன்னால் பாரம் குறையும் என்று நம்பி வந்தவள் அவள். ஜோபேதா அழவில்லை, திட்டவும் இல்லை. நாரை மூங்கிலில் போட்டு நுனியைச் சமன் பண்ணினாள்.

"அல்லாதான் மடியை எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சிருந்தேன், பௌதி," என்றாள். "என் ஒரே மாட்டோட பாலை ஏன் எடுக்கணும்னு தொழுகைக்குத் தொழுகை அவர்கிட்ட சண்டை போட்டு, இப்பத்தான் ஒருவழியா சமாதானம் ஆனேன். நீங்க இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். இனிமே உங்ககூட நான் எப்படிச் சமாதானம் ஆவேன்?"

கேட்டுவிட்டு அடுத்த கட்டு நாரை எடுக்கக் குனிந்தாள். மலினா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். போ என்றும் ஜோபேதா சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.